பட்டுப் புடவை பில்லில் இல்லாத ஒரு செலவு: யார் இந்த ஜே.சி.குமரப்பா?

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு கல்யாணப் புடவை எடுக்குறீங்க. பட்டு நூல், ஜரிகை, நெசவுக் கூலி, கடை லாபம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து பில் போட்டுக் கொடுத்துடுவாங்க. ஆனா ஒரு செலவு மட்டும் அந்த பில்லில் வராது. நூலுக்குச் சாயம் ஏற்றிய பிறகு வெளியேறும் தண்ணீர். ஊரை ஒட்டி ஓடும் வேகவதி ஆற்றில் சாக்கடையும் சாயக்கழிவும் கலக்கிறது என்பது காஞ்சிபுரம் மக்களின் பல வருடப் புகார்.

அந்த ஆற்றின் இழப்பு யார் கணக்கில் எழுதப்படுகிறது?

இப்படி ஒரு கேள்வியை, சுற்றுச்சூழல் என்ற சொல்லே பெரிதாகப் புழங்காத காலத்தில் கேட்டவர் ஒரு தமிழர். தொழிலில் ஆடிட்டர். பெயர் ஜே.சி.குமரப்பா.

தஞ்சாவூர் டு லண்டன்

1892 ஜனவரி 4-ம் தேதி தஞ்சாவூரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். அப்பா பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். வசதியான கிறிஸ்தவக் குடும்பம். லண்டனுக்குப் போய் கணக்குத் தணிக்கை படித்தார், அங்கேயே வேலையும் பார்த்தார். முதல் உலகப் போர் முடிந்த பிறகு 1919-ல் திரும்பி வந்து பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார். கோட்டு, சூட்டு, கைநிறைய சம்பாத்தியம். கதை இதோடு முடிந்திருந்தால் இன்று யாருக்கும் அவரைத் தெரிந்திருக்காது.

1927-ல் அமெரிக்கா போனார். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்துவிட்டு, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே ஒரு சர்ச்சில் இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்று பேசினார். அந்தப் பேச்சு பத்திரிகையில் செய்தியாக வந்தது. அதைப் பார்த்த அவருடைய பேராசிரியர் செலிக்மன், இதையே ஆராய்ச்சியாகச் செய் என்று திருப்பிவிட்டார்.

ஆடிட்டர் வழக்கம்போல் கணக்குப் புத்தகத்தைத் திறந்தார். இந்த முறை பிரிட்டிஷ் அரசின் புத்தகம். இந்திய விவசாயி கட்டிய வரி எங்கே போனது என்று தேடிப் பார்த்தவருக்கு, நாட்டின் வறுமை தலைவிதி இல்லை, கணக்கில் நடந்த சுரண்டல் என்பது புரிந்தது.

சபர்மதியில் ஒரு கிழவர்

1929-ல் இந்தியா திரும்பியதும், அந்த ஆய்வைக் காட்ட சபர்மதி ஆசிரமம் போனார். மரத்தடியில் ஒரு கிழவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். சந்திப்புக்கு நேரம் இருந்ததால் குமரப்பா சும்மா நின்று பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் காந்தி என்று தெரிந்தது. சூட்டு கசங்கினாலும் பரவாயில்லை என்று சாணி மெழுகிய தரையில் உட்கார்ந்து பேசினார்.

ஆய்வு ‘யங் இந்தியா’ பத்திரிகையில் தொடராக வந்தது. குஜராத்தின் மாத்தர் தாலுகா கிராமங்களின் வரவு செலவை வீடு வீடாக ஆராயும் பொறுப்பும் அவருக்கு வந்தது. சூட்டு போய் கதர் வந்தது. கொர்னேலியஸ் போய் குமரப்பா என்ற குடும்பப் பெயர் வந்தது.

கணக்கில் மட்டும் ஆள் மாறவே இல்லை. 1934 பிஹார் பூகம்ப நிவாரண நிதியை அவர்தான் கவனித்தார். காந்தியும் உடன் வந்தவர்களும் அங்கே வந்தபோது, அவர்கள் செலவை நிவாரணப் பணத்தில் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார்.

புலி, குரங்கு, தேனீ

அதே வருடம் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் வார்தாவில் தொடங்கியது. குமரப்பா அதன் செயலாளர். கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், கைக்காகிதம், தேனீ வளர்ப்பு, மண்ணெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயில் எரியும் விளக்கு என்று அங்கே வேலை நடந்தது.

1942 போராட்டத்துக்குப் பிறகு சிறைவாசம். அங்கே எழுதிய புத்தகம்தான் ‘நிலைத்த பொருளாதாரம்’, வெளிவந்தது 1945-ல்.

அதன் சாரம் எளிமையானது. புலி இன்னொரு உயிரைக் கொன்று சாப்பிடுகிறது. குரங்கு தான் வளர்க்காத மாந்தோப்பில் பறித்துத் தின்கிறது. தேனீயும் பூவிலிருந்து எடுக்கத்தான் செய்கிறது, ஆனா எடுக்கும்போதே மகரந்தம் சேர்த்து அந்தச் செடி காய்க்க உதவுகிறது. மனிதனின் தொழில் இதில் எந்த வகை?

இன்னொரு பிரிவும் சொன்னார். நிலக்கரி, பெட்ரோல் போன்றவை தொட்டியில் தேங்கிய தண்ணீர் மாதிரி. எடுக்க எடுக்கக் குறையும், அதற்காக நாடுகள் சண்டை போடும். வெயில், காற்று, ஓடும் நீர், அளவோடு வெட்டினால் திரும்ப வளரும் காடு ஆகியவை ஓடிக்கொண்டே இருக்கும் வரவு. தொட்டியை நம்பிக் குடும்பம் நடத்தாதே, வரவுக்குள் வாழு என்பதுதான் அந்த ஆடிட்டர் கொடுத்த அறிக்கை.

சொந்த அரசோடு மோதல்

சுதந்திரம் வந்தது. காங்கிரஸ் அமைத்த விவசாயச் சீர்திருத்தக் குழுவின் தலைவராக, உழுபவருக்கே நிலம் என்று பரிந்துரை செய்தார். ஆனா நாடு பெரிய ஆலை, ரசாயன உரம், டிராக்டர் பக்கம் போனது. குமரப்பா வெளிப்படையாக எதிர்த்தார், ஓரங்கட்டப்பட்டார்.

1950-களில் சீனா, ஜப்பான், சோவியத் யூனியன் என்று சுற்றிப் பார்த்தவர், கடைசிக் காலத்தில் வந்து தங்கியது மதுரைப் பக்கம் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1960 ஜனவரி 30, காந்தியின் நினைவு நாளிலேயே மதுரையில் இறந்தார்.

அவர் தோற்றாரா?

வேகமாக வளர வேண்டிய ஏழை நாட்டுக்குச் செக்கும் ராட்டையும் போதுமா என்று அன்று கேட்டவர்களின் கேள்வி நியாயமானதே. அவர் சொன்னது அத்தனையும் இன்று நடைமுறைக்கு ஒத்துவராது.

ஆனா அவருடைய கணக்கு முறை தோற்கவில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள் வரும் பாலாற்றையே எடுத்துக்குவோம். மேலே வேலூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகள் அந்த ஆற்றைக் கெடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பைக் கொடுக்கணும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பில்லில் விடுபட்ட செலவை எழுதச் சொன்ன தீர்ப்பு அது. இழப்பீட்டையும் ஆற்றைச் சரிசெய்வதையும் பற்றி 2025-லும் நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது.

காஞ்சிபுரம் கைத்தறிக்கும் இது பொருந்தும். நெசவாளர் வீட்டுத் தறி கையாலும் காலாலும் ஓடுகிறது. நெய்வதற்குப் புகை இல்லை, மோட்டார் இல்லை. அந்த அளவில் அது தேனீ வகைதான். சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்யாமல் ஆற்றில் விட்டால், அதே புடவை குரங்கு வகைக்குப் போய்விடும்.

சுத்தம் செய்யப் பணம் வேணும். அது நெசவாளர் கூலியிலிருந்து போகக் கூடாது என்றால், கடையும் அரசும் வாங்குகிற நாமும்தான் பங்கு போட்டுக்கணும். புடவை விலை கொஞ்சம் கூடலாம். அது புதுச் செலவு இல்லை; இத்தனை நாள் வேகவதி கட்டிக்கொண்டிருந்த பணம்.