பராபரன் என்னும் சொல்லும் பெப்ரீஷியஸ் ஐயரும்

சாணக்யபுரியில் வாழும் தமிழன்பர்கட்குச் சாந்தி பத் என்னும் அகன்ற சாலை நன்கு பழகியதே. பல நாட்டுத் தூதரகங்கள் அணிவகுத்து நிற்கும் அச்சாலையிலேதான் ஜெர்மன் தூதரகமும் உள்ளது. அலுவல் முடிந்து வீடு திரும்புகையில் அதன் மதிலைக் கடக்கும்போதெல்லாம் நமக்கு ஒரு பெயர் நினைவுக்கு வருவதுண்டு. நம் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு செயலாளர் அன்புடன் பணித்தபொழுது, அப்பெயருக்கு உரியவரைப் பற்றியே எழுதலாம் எனத் துணிந்தோம். நாம் பத்தாம் வகுப்பைத் தாண்டாத ரயில்வே குமாஸ்தா. பிழையிருப்பின் புலவர் பெருமக்கள் பொறுத்தருள்க.

ஜான் பிலிப் பெப்ரீஷியஸ் என்னும் அப்பெரியார் 1711ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 22ஆம் நாள், பிராங்பர்ட் நகருக்கு அருகிலுள்ள கிளீபர்க் என்னும் சிற்றூரிற் பிறந்தார். முதலிற் சட்டம் பயின்றார். பின்னர் அதனை விடுத்து ஹாலே நகரிற் சமயக் கல்வி கற்றார். வழக்குரைஞராகியிருப்பின் வளமுடன் வாழ்ந்திருப்பார். நாமும் அவரை அறிந்திருக்க மாட்டோம். 1740இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, 1742ஆம் ஆண்டின் இறுதியிற் சென்னைக்கு அனுப்பப்பட்டார். அதன்பின் தாய்நாட்டை அவர் மீண்டும் காணவில்லை. மணமும் செய்துகொள்ளவில்லை.

அவர் வருமுன்னரே தமிழில் விவிலியம் இருந்தது என்பதை இங்குக் கூறுதல் வேண்டும். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் ஐயர் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715இற்குள் அச்சிட்டு முடித்தார். பழைய ஏற்பாட்டின் தொடக்க நூல்களையும் பெயர்த்தார். ஆயின் 1719இல், முப்பத்தாறாம் வயதிலேயே மறைந்தார். எஞ்சியதைச் சூல்ட்சு ஐயர் 1728இல் நிறைவு செய்தார். இருவரும் செயற்கரிய செய்தவரே. எனினும் முதன்முதற் காட்டை வெட்டி வழி காண்போன் அவ்வழியைச் செப்பனிடவும் வேண்டுமென்று எதிர்பார்த்தல் முறையன்று. அந்நூல்களைப் படித்த பெப்ரீஷியஸ், இவை திருத்தத்திற்கு அடங்கா, மூலத்தினின்றே புதிதாகப் பெயர்த்தல் வேண்டும் என்னும் முடிவுக்கு வந்தார்.

இம்முடிவு எத்தகைய பாரம் என்பதை நம் போன்ற அலுவலர் ஒருவாறு உணரலாம். பார்சல் ரசீதில் ஊர்ப்பெயரில் ஓரெழுத்துப் பிசகினால் மூட்டை வேறோர் ஊரில் இறங்கிவிடும். உரியவன் நிலையத்தில் வெறுங்கையுடன் நிற்பான். மறைநூலில் ஒரு சொல் பிசகினாலோ, அதை நம்பி வாழ்வோன் தன் வழிபாட்டையும் ஒழுக்கத்தையும் பிழைபட அமைத்துக்கொள்வான். பெப்ரீஷியஸ் எபிரேய மூலத்தையும் கிரேக்க மூலத்தையும் முன்வைத்துக்கொண்டு, சொல்லுக்குச் சொல் நிறுத்துப் பார்த்தார். பெயர்த்ததைத் தமிழறிந்தாரிடம் வாசித்துக் காட்டினார். அவர்கள் செவிக்கு ஒவ்வாததை மீண்டும் எழுதினார். முழந்தாளில் நின்றே இம்மொழிபெயர்ப்பைச் செய்தார் என்று தமிழ்க் கிறிஸ்தவர் வழிவழியாகக் கூறுவர்.

கடவுளைத் தமிழில் எச்சொல்லால் வழங்குவது? இக்கேள்வியிலேதான் அம்மொழிபெயர்ப்பின் உயிர் இருந்தது என்பது நம் கருத்து. கத்தோலிக்கர் சருவேசுரன் என்றனர். சீகன்பால்கும் அதனை ஏற்றார். பெப்ரீஷியஸ் பராபரன் என்னும் சொல்லைத் தெரிந்தெடுத்தார். மேலுக்கும் மேலாய், அனைத்திற்கும் அப்பாலாய் நிற்கும் ஒருவன் என்னும் பொருள் அதில் உண்டு. அதே பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாயுமான அடிகள் பராபரமே என்று கண்ணி தோறும் விளித்துப் பாடியதைச் சைவ அன்பர்கள் அறிவர். சைவ அடியார் நாவிற் பழகிய சொல் விவிலியத்திலும் புகுந்தது. தமிழ் எல்லாச் சமயத்திற்கும் பொதுச் சொத்து என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இப்பணியை அவர் அமைதியான அறையில் அமர்ந்து செய்தார் என எண்ணற்க. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். ஐயர் தம் சிறு சபையுடன் டச்சுக்காரர் வசமிருந்த பழவேற்காட்டில் அடைக்கலம் புகுந்தார். 1749இல் நகரம் மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் வேப்பேரி அவரது இருப்பிடமாயிற்று. 1758இல் லாலியின் படை சென்னையை முற்றுகையிட்டபொழுது வேப்பேரி சூறையாடப்பட்டது, மறுபடியும் பழவேற்காடு. 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பு. பஞ்சமும் உடன் வந்தது. ஆனால் போரால் ஒரு நன்மையும் விளைந்தது. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபொழுது ஓர் அச்சுப்பொறியும் கிடைத்தது. அரசாங்க வேலை வரும்பொழுது அதையும் அச்சிட்டுத் தருதல் வேண்டும் என்னும் ஏற்பாட்டின்பேரில் அது வேப்பேரிக்கு அளிக்கப்பட்டது.

அப்பொறியிலேயே 1772இல் அவருடைய புதிய ஏற்பாடு வெளிவந்தது. சென்னைக்கு வந்து முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன! 1779இல், உடனுழைத்த பிரைத்தௌப்ட் ஐயருடன் தொகுத்த தமிழ்-ஆங்கில அகராதியும் வெளியாயிற்று. பழைய ஏற்பாடு தரங்கம்பாடி அச்சகத்தில் 1777 முதற் பகுதி பகுதியாக அச்சேறியது. ஜெர்மானிய ஞானப்பாட்டுகள் பலவற்றையும் அவர் தமிழாக்கினார்.

இனி, எழுதக் கை கூசும் பகுதிக்கு வருகின்றோம். ஐயரை மக்கள் நம்பினர். தம் சேமிப்பை அவரிடம் ஒப்படைத்தனர். அவரும் பிறரை நம்பினார். ஒப்படைத்த பணத்தை வட்டிக்குக் கொடுத்தார், வாங்கியவர் திருப்பவில்லை. கொடுத்தவரோ கேட்டு வந்தனர். கடன்மேற் கடன் ஏறி, முதுமையில் அவர் கடனாளிகளுக்கான சிறையிலும் இருக்க நேர்ந்தது. சொல்லை நிறுத்துப் பார்ப்பதில் இணையற்ற அவர், மனிதரை நிறுத்துப் பார்க்கத் தவறினார்.

நாம் கணக்கு எழுதிப் பிழைப்பவர். ஆதலின் இதனைச் சிறு குற்றமெனத் தள்ளிவிட நம்மால் இயலவில்லை. அப்பணத்தைத் தம் சுகத்திற்குச் செலவிட்டார் என்று வரலாறு கூறவில்லை. அவர் எளிமையாகவே வாழ்ந்தார். ஆயினும் பணத்தை இழந்தவனுக்கு அவ்வெளிமை என்ன ஆறுதல் தரும்? மறைநூலைக் கருத்தூன்றிக் கற்பதும், கற்றபடி அன்றாட வாழ்வில் ஒழுகுவதும் இருவேறு உழைப்புகள் போலும். முன்னதில் ஐம்பதாண்டு தவம் செய்தவருக்கே பின்னது வழுக்கியதெனில், நம் போன்றோர் நிலை என்ன? சிலர் அவர் வரலாற்றை எழுதும்பொழுது இப்பகுதியை இரண்டு வரியிற் கடந்து செல்வர். மறைக்க வேண்டியதில்லை என்பதே நம் எண்ணம். அந்த அவமானத்தின் நடுவிலும் மொழிபெயர்ப்பு வேலை நிற்கவில்லை என்பதும் வரலாறே.

1788இல் வேப்பேரிப் பொறுப்பை கெரிக்கே ஐயரிடம் ஒப்புவித்தார். எண்பது வயது நிறைந்த மறுநாள், 1791 ஜனவரி 23ஆம் நாள், காலமானார். பழைய ஏற்பாட்டின் அச்சு வேலை 1796இலேதான் முற்றுப்பெற்றது. அதனை முழுமையாக அவர் கண்ணாற் காணவில்லை.

அவர் மறைந்தபின் எழுந்த பூசல் ஒரு தனிக் கதை. பாளையங்கோட்டையிற் பணியாற்றிய இரேனியுஸ் ஐயர், பெப்ரீஷியஸின் நடை மூலத்தை ஒட்டியே செல்வதால் தமிழ் மரபு நெகிழ்கின்றது எனக் கருதிப் புதிதாகப் பெயர்த்தார். பராபரனை நீக்கித் தேவன் என்றார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரோ, பழகிய திருமொழியில் கைவைத்தலாகாது என்று வன்மையாக எதிர்த்தார். தேவன் என்பது எல்லார்க்கும் விளங்கும் சொல் என்றனர் ஒரு சாரார். தேவர்கள் பலராயிற்றே, இந்திரலோகத்தாரில் ஒருவனைக் குறிப்பதாகாதோ என்றனர் மறுசாரார். இருதிறத்தார் கூற்றிலும் நியாயம் உண்டு. பின்னர் பவர் ஐயர் தலைமையில் அமைந்த குழு பெப்ரீஷியஸின் நூலையே அடிப்படையாகக் கொண்டு திருத்தி 1871இல் விவிலியத்தை வெளியிட்டது. அதன் நடையிற் பெரும்பகுதி அவருடையது. தேவன் என்னும் சொல் மட்டும் இரேனியுஸ் வழிப்பட்டது. லுத்தரன் சபையார் அதனை ஏற்காது பழைய பெப்ரீஷியஸ் நூலையே நெடுங்காலம் வாசித்து வந்தனர்.

அச்சபையைச் சார்ந்தவரே நம் பாட்டியார். தரங்கம்பாடிக்கு அடுத்த பொறையாற்றுப் பக்கம். விடியலில் முற்றத்தைத் தெளித்துவிட்டு, பராபரனே என்று அழைத்தபின்பே அடுப்பு மூட்டுவார். அண்டை வீட்டினர் வேறு சபையார். அவர்கள் தேவனே என்பர். இரு வீட்டாரும் இருவேறு கடவுளரை வணங்குகின்றனர் என்றே சிறுவயதில் நாம் நம்பியிருந்தோம். அண்டை வீட்டுக் கடவுளே சற்று இளையவர் என்றுகூட ஒருமுறை கூறி, பாட்டியாரிடம் குட்டு வாங்கினோம்.

தில்லிக்கு மாற்றலாகி வந்தபொழுது அவருடைய விவிலியம் நம் தகரப் பெட்டியில் உடன் வந்தது. அட்டை கழன்றுவிட்டது, ஓரங்களிற் பூச்சி அரித்துள்ளது. நம் மகன் இங்குள்ள பள்ளியில் இந்தி படிக்கின்றான். தமிழை எழுத்துக்கூட்டியே வாசிப்பான். அவனுக்கு 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பை வாங்கித் தந்தோம். அதிற் கடவுள் என்றே உள்ளது. சென்ற மழைக்காலத்து இரவில் இரண்டு நூல்களையும் அருகருகே விரித்து வைத்துக்கொண்டு, பராபரன் என்றால் யார் அப்பா என்று கேட்டான். வேப்பேரியில் ஒருவர் இருந்தார் என்று தொடங்கினோம். சொல்லி முடிக்கையில் மணி பத்தரை ஆகிவிட்டது.