கொள்கைவழி நின்ற சூங் சிங்லிங்

சீனக் குடியரசின் தந்தையெனப் போற்றப்படும் சன் யாட்சென்னின் துணைவியார் சூங் சிங்லிங் 1893ஆம் ஆண்டு ஷாங்காயில் பிறந்தார். அமெரிக்காவில் கல்வி பயின்றபின், ஜப்பானில் புகலிடம் பெற்றிருந்த சன் யாட்சென்னுக்குச் செயலாளராகப் பணியாற்றினார்; பெற்றோரின் எதிர்ப்பையும் மீறி 1915இல் அவரை மணந்தார். 1922இல் குவாங்சோ நகரில் படைத்தலைவர் ஒருவர் கலகம் செய்து மாளிகையைத் தாக்கியபோது, கணவரை முதலில் தப்பிச் செல்லச் செய்து, தாம் பின்தங்கினார். அவ்விரவின் அலைச்சலில் அவர்தம் வயிற்றில் வளர்ந்த கரு கலைந்தது.

1925இல் சன் யாட்சென் மறைந்தார். ஈராண்டுகளில், படைத்தலைமை ஏற்றிருந்த சியாங் கை ஷேக் பொதுவுடைமையரைக் கொன்று குவித்தார். அது கணவரின் கொள்கைக்கு மாறானது எனக் கண்டித்த சிங்லிங், மாஸ்கோவுக்குச் சென்றார். அவ்வாண்டின் இறுதியில் அவருடைய தங்கை மெய்லிங், சியாங் கை ஷேக்கையே மணந்தார். உறவா, கொள்கையா என்னும் வினா எழுந்தபோது சிங்லிங் கொள்கையின் பக்கமே நின்றார். எனினும், ஜப்பானியப் படையெடுப்பின்போது வேற்றுமை மறந்து, உடன்பிறந்தாருடன் இணைந்து மக்கள் துயர்துடைத்தார்.

1949இல் அமைந்த புதிய அரசில் துணைத்தலைவர்களுள் ஒருவரானார். தமக்குக் கிடைத்த பன்னாட்டு அமைதிப் பரிசுத் தொகையைத் தாய்சேய் நல மருத்துவமனைக்கு வழங்கினார். 1981 மே மாதம், நாட்டின் மதிப்புறு தலைவர் என்னும் சிறப்பைப் பெற்ற சில நாள்களில் மறைந்தார். நான்ஜிங்கில் கணவருக்கு எழுப்பிய பெருநினைவிடத்தில் அன்று, ஷாங்காயில், தம் திருமணத்தை எதிர்த்த பெற்றோரின் கல்லறை அருகிலேயே அவர் துயில்கொள்கிறார்.