மாமனாரின் அரசைக் கேள்வி கேட்டவர்

பிரதமரின் மருமகன் என்றால் பதவிக்கு வழி தேடுவார் என்றே நானும் எண்ணியிருந்தேன். பெரோஸ் காந்தியின் வாழ்க்கையைப் படித்தபின் அவ்வெண்ணம் மாறியது.

1912இல் பம்பாயில் பிறந்தவர். விடுதலைப் போரில் சிறை கண்டவர். 1952இலும் 1957இலும் ரேபரேலிப் பகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றவர். ஆளுங்கட்சி வரிசையில் அமர்ந்திருந்தும் கேள்வி கேட்க அஞ்சவில்லை. ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் ஏறத்தாழ 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது ஏன் என்று, 1957 டிசம்பரில் கணக்கோடு வினவினார். அது பாலிசி எடுத்த எளியவர்களின் பணமல்லவா? நீதிபதி சாக்ளா பலரறிய விசாரணை நடத்தினார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி துறந்தார்.

அவர் நம் தமிழ்நாட்டவர் ஆதலால் முதலில் என் மனம் கசந்தது. ஆனால் பெரோஸ் கேள்வி கேட்டது தம் மாமனார் நேருவின் அரசையன்றோ! நம்மவர் என்று அவர் வாளாவிருந்தாரா?

நாடாளுமன்ற நடவடிக்கைகளை ஏடுகள் அச்சமின்றி வெளியிட வழிசெய்த 1956ஆம் ஆண்டுச் சட்டமும் அவர் கொண்டுவந்த மசோதாவின் பயனே. 1960இல், 48 வயது நிறையுமுன் மறைந்தார். நெருக்கடி நிலையின்போது அவர் மனைவி இந்திராவின் அரசே அச்சட்டத்தை நீக்கியது. 1977இல் அது மீண்டும் வந்தது.

நம் சங்கத்தின் ஆண்டுக் கணக்கு வாசிக்கப்படும் நாளில், பொருளாளர் என் அறைத்தோழர் என்பதற்காக இனி நான் வாய்மூடி இருக்கமாட்டேன்.