பாட்டு எல்லோருக்கும் சொந்தம்



பெரிய பியானோ கலைஞனாக வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரு பையனுக்கு, வாசிக்க வேண்டிய கையே வலிக்கத் தொடங்கினால் என்ன செய்வான்? குஸ்தாவ் ஹோல்ஸ்டுக்கு அப்படித்தான் நேர்ந்தது. ஆனால் அவர் அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. என்ன செய்தார் என்று பார்ப்போமா?

இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் என்ற ஊரில் 1874-ம் ஆண்டு செப்டம்பர் 21-ம் தேதி ஹோல்ஸ்ட் பிறந்தார். அப்பா பியானோ ஆசிரியர். அம்மா ஹோல்ஸ்டின் ஏழாவது வயதில் இறந்துவிட்டார். பையனுக்கு ஆஸ்துமா, கண் பார்வையும் மங்கல். போதாததற்கு வலது கை நரம்புகளில் நோய். வெகுநேரம் பியானோ வாசித்தால் கை ஓய்ந்துவிடும். ஊதினால் மூச்சுக்கு நல்லது என்று அப்பா அவரை டிராம்போன் என்னும் நீளமான பித்தளைக் கருவியைக் கற்க வைத்தார்.

1892-ல் ஒரு சிறு கிராமத்துத் தேவாலயத்தில் ஹோல்ஸ்டுக்கு வேலை கிடைத்தது. ஆர்கன் வாசிக்க வேண்டும், பாடகர் குழுவையும் நடத்த வேண்டும். குழுவில் இருந்தவர்கள் இசை படித்தவர்கள் அல்லர், சாதாரண கிராமத்து மக்கள். அவர்கள் குரல் எதுவரை எட்டும், எங்கே தடுமாறும் என்பதை ஹோல்ஸ்ட் அங்கேதான் கற்றுக்கொண்டார்.

பிறகு லண்டன் இசைக் கல்லூரியில் படித்தார். அங்கே ரால்ப் வாகன் வில்லியம்ஸ் என்ற நண்பர் கிடைத்தார். ஒருவர் எழுதிய இசையில் மற்றவர் தயங்காமல் குறை சொல்வார். கோபமே வராது! அந்த நட்பு கடைசிவரை நீடித்தது.

அந்த நண்பர் இசைப் பதிப்பாசிரியராக இருந்து 1906-ல் வெளியிட்ட பாடல் புத்தகத்துக்காக, கிறிஸ்டினா ரோசட்டியின் கிறிஸ்துமஸ் கவிதை ஒன்றுக்கு ஹோல்ஸ்ட் மெட்டுப் போட்டார். அது மிக உயரமாகவும் போகாது, மிகக் கீழேயும் இறங்காது. பயிற்சி இல்லாதவர்களும் சேர்ந்து பாடலாம். பல நாடுகளில் இன்றும் கிறிஸ்துமஸ் சமயத்தில் அது ஒலிக்கிறது.

நம் நாட்டு நூல்களிலும் அவருக்கு ஆர்வம் உண்டு. ரிக் வேதப் பாடல்களைத் தாமே மொழிபெயர்ப்பதற்காகச் சமஸ்கிருதம் கற்றார். அந்தப் பாடல்களுக்குக் குழுவாகப் பாடும் விதத்தில் இசை அமைத்தார். மகாபாரதத்துச் சாவித்திரி கதையை இசை நாடகமாக்கினார்.

வயிற்றுப் பாட்டுக்கு ஆசிரியர் வேலை பார்த்தார். 1905 முதல் லண்டன் புனித பால் பெண்கள் பள்ளியில் இசை கற்பித்தார். 1907 முதல் மோர்லி கல்லூரியிலும் கற்பித்தார். அங்கே வந்தவர்கள் பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலையில் படிக்க வந்தவர்கள். அவர்களுக்காகவே பழைய கிறிஸ்துமஸ் பாடல்கள் சிலவற்றை ஒன்றாகக் கோத்து, 1910-ல் ஒரு பெரிய குழுப்பாடலாக்கினார். அடுத்த ஆண்டு, பர்செல் என்ற மேதையின் இசை நாடகம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார். 200 ஆண்டுகளுக்கும் மேலாக யாரும் முழுமையாகக் கேட்காத இசை அது! ஒவ்வொருவரும் பாட, வாசிக்க வேண்டிய பகுதிகளை மாணவர்களே கையால் பிரதி எடுத்தார்கள். பிறகு அவர்களே பாடி, வாசித்து நிகழ்த்தினார்கள்.

திறமைசாலிகள் மட்டுமே பாட வேண்டும் என்று ஹோல்ஸ்ட் நினைக்கவில்லை. பிறர் பாடக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட, சுமாராகவாவது தானே பாடுவது மேல் என்பது அவர் கொள்கை. 1916-ல் தாக்ஸ்டெட் என்ற சிற்றூரின் தேவாலயத்தில் தம் மாணவர்களையும் ஊர்ப் பாடகர்களையும் சேர்த்து இசை விழாவே நடத்தினார்.

அவருக்கு உலகப் புகழ் தந்தது 'கோள்கள்' என்ற இசைத் தொகுப்பு. அதை எழுதும்போதும் கை வலித்தது. உடன் பணியாற்றிய ஆசிரியைகள் எழுதியும் வாசித்தும் உதவினார்கள். 1918-ம் ஆண்டு செப்டம்பர் 29-ல் அது முதன்முதலாக லண்டனில் அரங்கேறியது. கடைசிக் கோளான நெப்டியூன் பகுதியில், மேடைக்கு வெளியே மறைந்து நின்று பெண்கள் பாட வேண்டும். அன்று யார் பாடினார்கள் தெரியுமா? அவருடைய மாணவிகள்!

புகழ் வந்த பிறகும் அவர் பள்ளியை விடவில்லை. 1933-ல் உடல்நலம் கெட்டு மருத்துவமனையில் படுத்திருந்தபோதும், பள்ளியின் இளையோர் இசைக்குழு வாசிப்பதற்காக ஓர் இசைத் தொகுப்பு எழுதினார். 1934-ம் ஆண்டு மே 25-ம் தேதி, அறுவை சிகிச்சைக்குப் பின் மறைந்தார்.

குழந்தைகளே, உங்கள் வகுப்பிலும் பாடக் கூச்சப்பட்டுக் கடைசி வரிசையில் நிற்கும் நண்பர் ஒருவர் இருப்பார். அடுத்த முறை பாடும்போது அவரையும் கைப்பிடித்து முன்னால் அழைத்து வாருங்கள். சுருதி கொஞ்சம் விலகினால்தான் என்ன? பாடப் பாடத் தானாக வரும்!