கசகசா விதை காட்டிக் கொடுத்த களவு

பாரதியார் மாஜினியின் சபதத்தைத் தமிழில் பாடியிருப்பதால், அந்த இத்தாலியப் பெருமகனின் பெயர் நமக்குப் புதிதன்று. சிதறிக் கிடந்த இத்தாலியை ஒரே குடியரசாக்க அவர் பாடுபட்டதும் நாம் அறிந்ததே. ஆனால், ஒரு வல்லரசு மறைவாகச் செய்த குற்றத்தை அவர் அம்பலப்படுத்திய வரலாற்றை அறிந்தோர் சிலரே.

மாஜினி 1805-ஆம் ஆண்டு ஜெனோவா நகரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். சட்டம் பயின்றார். 1830-இல் கைதாகிச் சவோனாக் கோட்டையில் அடைபட்டார். 1831-இல் 'இளைய இத்தாலி' இயக்கத்தைத் தொடங்கினார். 1833-இல், அவர் நாட்டில் இல்லாதபோதே அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. நாடு நாடாக அலைந்து 1837-இல் லண்டனில் புகலடைந்தார். வறுமையில் வாடியபோதும், தெருவில் இசைப்பெட்டி சுழற்றிப் பிழைத்த இத்தாலியச் சிறுவர்களுக்காக 1841-இல் இலவசப் பள்ளி தொடங்கினார்.

1844-இல் தம் கடிதங்களை யாரோ பிரித்துப் படிக்கிறார்கள் என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. ஐயத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவர் கூச்சலிடவில்லை. கடிதங்களுக்குள் கசகசா விதையையும் மணலையும் தலைமயிரையும் இட்டு ஒட்டித் தம் முகவரிக்கே அனுப்பச் செய்தார். கடிதங்கள் வந்தன, உள்ளே இட்டவை வரவில்லை! சோதனைக் கூடத்தில் நாம் கையாளும் முறையன்றோ இது?

வட இத்தாலியை ஆண்ட ஆஸ்திரியாவின் வேண்டுகோளுக்கு இணங்கி, உள்துறை அமைச்சர் சர் ஜேம்ஸ் கிரகாமின் ஆணைப்படி அஞ்சலகமே இதைச் செய்திருந்தது. மாஜினியும் நண்பர்களும் எழுதிய மனுவை, 1844 ஜூன் 14-இல் தாமஸ் டன்கோம்ப் காமன்ஸ் சபையில் அளித்தார். நாடே கொதித்தது. இச்செயல் பிறர் சட்டைப்பையில் கைவிடுவதற்கு ஒப்பானது என்று அறிஞர் கார்லைல் பத்திரிகையில் கண்டித்தார்.

அதே ஆண்டு ஜூலை 25-இல், இத்தாலிய விடுதலைக்காகக் கலாப்ரியாவில் இறங்கிய பந்தியேரா சகோதரர்கள் இருவரும் தோழர் எழுவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். மாஜினியோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர்கள் அவர்கள். கடிதங்களே அவர்களைக் காட்டிக் கொடுத்தன என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. அவர்களுடைய தோழன் ஒருவனும் துரோகம் செய்திருந்தான். ஆயினும் கடிதங்களில் கண்ட செய்தி ஆஸ்திரியாவுக்குச் சென்றது உண்மை.

புகலளித்த அரசின் இரகசியத்தை வெளியிட்டது உண்ட வீட்டுக்கு இரண்டகம் ஆகாதா என்று சிலர் கேட்கலாம். நாட்டின் பாதுகாப்புக்கு இரகசியம் வேண்டும் என்பதும் மெய்யே. ஆனால் மாஜினி அந்த இரகசியத்தைப் பகைவரிடம் விற்கவில்லை; வதந்தியாகவும் பரப்பவில்லை. சான்று திரட்டி, தம் பெயரை மறைக்காமல், அந்நாட்டு மக்களின் மன்றத்திலேயே முறையிட்டார். அது துரோகமன்று, உண்ட வீட்டில் புகுந்த களவை வீட்டாருக்கு உணர்த்திய நன்றிக்கடன்.

விசாரணைக் குழுக்கள் அமைந்தன. வெளிநாட்டுக் கடிதங்களைப் பிரித்துவந்த இரகசிய அலுவலகம் அவ்வாண்டே மூடப்பட்டது. ஆனால் கடிதங்களைப் பிரிக்க ஆணையிடும் அதிகாரம் சட்டத்தில் நிலைத்தே நின்றது.

1872 மார்ச் 10-இல், ஒன்றுபட்ட இத்தாலியின் பீசா நகரில், மாற்றுப் பெயரில் மறைந்து வாழ்ந்தபடியே மாஜினி கண்மூடினார். ஆளும் கரம் மறைவில் செய்வதை மக்கள் அறியச் செய்பவனுக்கு அச்சமின்மை மட்டும் போதாது. ஐயத்தைச் சான்றாக்கும் பொறுமையும் வேண்டும். அவர் வாழ்வு நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.