கணக்குக் கேட்ட வக்கீல்

சூதாட்டம் என்றவுடன் நம்மவர் தெருமுனையில் குந்திச் சீட்டாடுகிறவனையே நினைக்கிறார்கள். அவன் தோற்பது தன் கூலியை. பட்டினி கிடப்பது அவன் பெண்டு பிள்ளைகள். போலீஸார் கையில் அகப்படுகிறவனும் அவனே. ஊரார் நம்பி ஒப்படைத்த பணத்தை எடுத்து, அவர்கள் அறியாதவாறு, கடல் கடந்த நாடுகளில் பந்தயம் வைக்கிற பெரிய மனிதனைச் சூதாடி என்று சொல்ல நமக்கு நா எழுவதில்லை. தோற்கும் வரையில் அவனுக்கு வியாபாரி என்று பெயர். தோற்ற பின்னரோ துரதிருஷ்டசாலி என்று பெயர். இந்தப் பெயர் மயக்கத்தைச் சென்னை நகரத்தில் நீதிஸ்தலத்தின் முன் நின்று கலைத்தவர் வி. கிருஷ்ணசாமி அய்யர். அவருடைய சரித்திரத்தை நினைவுகூர்வது அவருக்குச் செய்யும் மரியாதை மட்டுமன்று. நமக்கு வேண்டிய பாடமுமாகும்.

கிருஷ்ணசாமி அய்யர் 1863-ம் வருஷம் ஜூன் மாதம் தஞ்சாவூர் ஜில்லா திருவிடைமருதூரில் பிறந்தார். தகப்பனார் வேங்கடராமய்யர் ஜில்லா முன்சீப் உத்தியோகம் பார்த்தவர். கும்பகோணம் காலேஜிலும், பின்னர் சென்னை ராஜதானிக் கல்லூரியிலும் படித்து, சட்டம் பயின்று, 1885-ல் ஹைகோர்ட்டு வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். அக்காலத்தில் சீமைக்குப் போய்த் திரும்பிய பாரிஸ்டருக்கு ஒரு மதிப்பு. உள்ளூரில் படித்த வக்கீலுக்கு வேறொரு மதிப்பு. அந்த வேற்றுமையின் நடுவே, உழைப்பினாலும் கூரிய அறிவினாலும் முன்வரிசைக்கு வந்தவர் இவர். 1891-ல் தோன்றிய மெட்ராஸ் லா ஜர்னல் என்னும் சட்டப் பத்திரிகையை நடத்திய ஆரம்ப கர்த்தாக்களில் ஒருவர். கோபம் சீக்கிரம் வரும். வந்தது போலவே தணியும். கை மட்டும் எப்பொழுதும் திறந்தே இருக்கும். மயிலாப்பூர் ஸம்ஸ்கிருதக் கல்லூரியும், வேங்கடரமணா ஆயுர்வேத வைத்தியசாலையும், ரானடே பெயரால் அமைந்த புத்தகசாலையும் அவர் முயற்சிக்குச் சாட்சிகளாகும்.

எனினும் அவர் பெயரை நிலைநாட்டியது 1906-ம் வருஷத்து ஆர்பத்நாட் விவகாரமே.

அக்காலச் சென்னையில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் வியாபாரம், ஏஜன்ஸி, பாங்கி ஆகிய மூன்றையும் ஒரே கூரையின் கீழ் நடத்திவந்தன. அவற்றுள் ஆர்பத்நாட் கம்பெனி பழமையும் பெரிய பெயரும் உடையது. பென்ஷன் பெற்ற உத்தியோகஸ்தர், கைம்பெண்கள், குமாஸ்தாக்கள் முதல் மிராசுதார்கள் வரையில் நம்மவர் தங்கள் சேமிப்பை அங்கே போட்டிருந்தனர். வெள்ளைக்காரன் பொய் சொல்லமாட்டான் என்பது அவர்களுடைய நம்பிக்கை. தம்மவர் நடத்தும் பாங்கி நிலைக்காது என்பது அதனினும் உறுதியான நம்பிக்கை. அடிமை நாட்டில் பயம் மட்டுமல்ல, நம்பிக்கையும் ஒரு பக்கமாகவே சாய்ந்து கிடக்கும்.

இதில் சட்டம் செய்திருந்த விநோதம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சர்க்கார் ஆதரவு பெற்ற மதராஸ் பாங்கி 1876-ம் வருஷத்து ராஜதானி பாங்கிகள் சட்டத்துக்கு உட்பட்டது. எதன்பேரில் கடன் கொடுக்கலாம், எவ்வளவு காலத்துக்குக் கொடுக்கலாம் என்பதற்கெல்லாம் அந்தச் சட்டம் வரம்பு கட்டியிருந்தது. ஆர்பத்நாட் கம்பெனியோ சில கூட்டாளிகள் சேர்ந்து நடத்திய தனி ஸ்தாபனம். ஊரார் பணத்தை வாங்கலாம். ஊராருக்குக் கணக்குக் காட்டவேண்டியதில்லை. வருஷாந்தரத்தில் எவ்வளவு லாபம், எவ்வளவு நஷ்டம் என்பது பணம் போட்டவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் வட்டி தவறாமல் வருகிறது என்பதே. வட்டி எங்கிருந்து வருகிறதென்று அவன் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் சொல்ல ஆளில்லை.

கம்பெனியின் லண்டன் காரியங்களைப் பாட்ரிக் மக்பேடியன் என்னும் கூட்டாளி கவனித்துவந்தார். ஊகவியாபாரங்களில் அவர் பெருந்தொகை இழந்தார். இழந்ததை மீட்க மேலும் வைத்தார், அதுவும் போயிற்று. சூதாடியின் புத்தி எந்தத் தேசத்திலும் ஒன்றுதான். 1906 அக்டோபர் மாதத்தில் அவர் லண்டனில் ரயிலின் கீழ் விழுந்து உயிர் நீத்தார். இரண்டு நாள் சென்று, அக்டோபர் 22-ந் தேதி, சென்னைக் கம்பெனியின் கதவுகள் அடைபட்டன. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வாழ்நாள் சேமிப்பு ஒரு காலைப்பொழுதில் காகிதமாயிற்று.

இத்தகைய சமயத்தில் ஊர் இரண்டு குரலில் பேசும். ஒன்று, பணமோ போய்விட்டது, கிடைப்பதை வாங்கிக்கொண்டு பெரிய மனிதர்களுக்கு மேலும் அவமானம் உண்டாக்காமல் இருப்போம் என்பது. மற்றொன்று, எங்கே போயிற்று, யார் கையால் போயிற்று, எப்பொழுது தெரிந்தும் மறைத்தார்கள் என்று கேட்பது. கிருஷ்ணசாமி அய்யர் இரண்டாவது குரலானார். இன்ஸால்வென்ஸி கோர்ட்டில் பணம் போட்டவர்களுக்காக ஆஜராகி, கம்பெனி திவாலான நிலையில் இருந்துகொண்டே மேலும் மேலும் டிபாசிட் வாங்கியது எங்ஙனம் என்று குடைந்து விசாரித்தார். கவர்னர் மாளிகை விருந்துகளில் முதலிடம் பெற்றுவந்த சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் ஒரு தேசீய வக்கீலின் கேள்விகளுக்கு உட்பட நேர்ந்தது. பின்னர் நடந்த கிரிமினல் வழக்கில் சர் ஜார்ஜுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. வெள்ளைக்காரப் பிரபுவும் பதில் சொல்லவேண்டியவனே என்பதைச் சென்னை கண்ணாரக் கண்டது.

தண்டனையோடு நின்றிருந்தால் அவரைத் திறமையுள்ள வக்கீல் என்று மட்டும் சொல்லியிருப்போம். அவர் அங்கே நிற்கவில்லை. தண்டனையால் கைம்பெண்ணின் பணம் திரும்பாது. மறுபடி அவள் பணத்தைப் போட இடமும் கிடைக்காது. கணக்குக் காட்டும் பாங்கி ஒன்று நம்மவர் கையில் வேண்டும் என்று அவர் துணிந்தார். நாட்டுக்கோட்டை நகரத்தார் செல்வர்களையும் நகரத்து வக்கீல்களையும் ஒன்றுசேர்த்தார். 1907 மார்ச்சில் இந்தியன் பாங்கி பதிவாயிற்று. அவ்வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி வேலை தொடங்கியது. பங்குதாரர் கூட்டமும், தணிக்கையும், அச்சிட்ட கணக்கும் உடைய கூட்டுப்பங்கு ஸ்தாபனம் அது. வங்காளப் பிரிவினையால் எழுந்த சுதேசிக் கிளர்ச்சி தூத்துக்குடியில் கப்பலாக மிதந்தது. சென்னையில் பாங்கியாக நிலைத்தது. கப்பலைச் சர்க்காரும் வெள்ளைக் கம்பெனியும் சேர்ந்து கவிழ்த்தன. பாங்கி நின்றது, 1969-ல் தேசத்தின் உடைமையாகவும் ஆயிற்று.

அரசியலில் அவர் மிதவாதி. தீவிரவாதியான பாரதியார் தம் பத்திரிகையில் மிதவாதிகளைக் காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தார். ஜி. ஏ. நடேசன் அந்தக் கவிஞரை அய்யரிடம் அழைத்துச் சென்றார். பாட்டுக்களைக் கேட்ட அய்யர் உருகினார். கட்சிப் பகையை மறந்து, 1907-ல் தம் செலவில் அவற்றை அச்சிட்டு ஆயிரக்கணக்கில் இலவசமாக வழங்கச் செய்தார். எதிர்க்கட்சிக்காரனிடம் உள்ள நல்லதைக் காணும் கண் நம் தொண்டர்களுக்கு இன்று எவ்வளவு தேவை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

அவரிடம் குறையே இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. 1908-ல் சிதம்பரம் பிள்ளை சிறை புகுந்தார். 1909-ல் அய்யர் ஹைகோர்ட்டு நீதிபதி ஆசனத்தில் அமர்ந்தார். 1911-ல் கவர்னரின் நிர்வாக சபையில் அங்கத்தினரானார். அன்னியன் கொடுத்த பதவியை ஏற்றுத் தேசத்துக்கு நன்மை செய்யலாம் என்று நம்பினவர் அவர். அந்த நம்பிக்கை நமக்கில்லை. அவர் அமைத்த பாங்கியும் முதலில் படித்தவனுக்கும் பணமுள்ளவனுக்குமே பயன்பட்டது. சேரியில் வாழ்ந்தவனும் செங்கல் சுமந்தவளும் கந்துவட்டிக்காரன் வாசலிலேயே நின்றார்கள். வெள்ளையனுக்கும் நம்மவனுக்கும் இடையே இருந்த சுவரை இடித்தவர், நம்மவருக்குள் இருந்த சுவர்களை அவ்வளவாகத் தொடவில்லை. புதிய பதவியில் ஓராண்டு கூட நிறைவதற்குள், 1911 டிசம்பர் 28-ந் தேதி, நாற்பத்தெட்டாவது வயதில் காலமானார்.

குரோம்பேட்டையில் மின்சார ரயிலேறிக் கடற்கரை நிலையத்தில் இறங்குகிறவன் ராஜாஜி சாலையில் கால் வைக்கிறான். ஆர்பத்நாட் கம்பெனி எழுந்து விழுந்ததும், இந்தியன் பாங்கி எழுந்து நின்றதும் அந்தக் கடற்கரைச் சாலையிலேதான். வரும் வழியில் கிண்டியைக் கடக்கிறான். அங்கே 160 ஏக்கர் சர்க்கார் நிலம், 1945-ல் ஏற்பட்ட குத்தகையின்படி, ஆண்டுக்கு 614 ரூபாய்ச் சொச்சம் வாடகைக்குக் குதிரைப் பந்தயத்துக்கு விடப்பட்டிருந்தது. 2024 செப்டம்பரில்தான் ராஜ்ய சர்க்கார் அந்தக் குத்தகையை ரத்து செய்தது. 1974-ல் சட்டசபை குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்தது. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு, குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதன்று என்று தீர்ப்பளித்தது. சீமான் பந்தயம் கட்டினால் திறமை. கூலிக்காரன் மூன்று சீட்டு ஆடினால் குற்றம். ஜனங்கள் இதை எங்ஙனம் பொருள் செய்துகொள்வார்கள்?

அந்த ரயில் பெட்டியிலேயே கைத்தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு சம்பளத்தைத் தோற்ற வாலிபர்களை நாம் கண்டிருக்கிறோம். உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகளும் தமிழ்நாடு முழுவதிலும் வந்தன. 2022-ல் நீதிபதி சந்துரு குழு ஆராய்ந்து அறிக்கை தந்தது. சட்டசபை நிறைவேற்றிய மசோதாவைக் கவர்னர் திருப்பியனுப்ப, 2023 மார்ச்சில் சபை அதை மறுபடி நிறைவேற்றியது. ஏப்ரலில் அனுமதி கிடைத்தது. அவ்வாண்டு நவம்பரில் ஹைகோர்ட்டு, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி அவற்றைத் தடையிலிருந்து நீக்கியது. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தேசம் முழுவதும் தடுத்துச் சட்டம் இயற்றியது. இத்தனை ஆண்டுகளில் தோற்றவன் பெயர் பத்திரிகையில் வந்தது; வென்ற கம்பெனியின் கணக்கு எவர் முன்னும் விரித்து வைக்கப்படவில்லை.

சட்டம் மட்டும் போதாது என்பதே கிருஷ்ணசாமி அய்யர் வாழ்க்கை தரும் பாடம். முதலாவது, ஏழையின் பணத்தை விழுங்கினவன் எவ்வளவு உயர்ந்தவனாயினும் அவனைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்க அஞ்சாத மனிதர் வேண்டும். இரண்டாவது, அந்த ஏழை நம்பிப் பணம் போடத்தக்க யோக்கியமான ஸ்தாபனம் அவன் வீட்டருகே வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால், ஒரு சூதாட்டக்காரன் போன இடத்தில் இன்னொருவன் வந்து கடை விரிப்பான். நம் பேட்டைகளில் சீட்டுக் கம்பெனி ஓடிவிட்டதென்று ஜனங்கள் பூட்டிய கதவின் முன் அழுதுகொண்டு நிற்கும்போது, தேசத்தொண்டர் என்று பெயர் வைத்துக்கொண்ட நாம் எந்தக் குரலில் பேசப்போகிறோம்? கிடைத்ததை வாங்கிக்கொள் என்றா, கணக்கைக் காட்டு என்றா? நூற்றிருபது வருஷத்துக்கு முன் ஒரு மனிதர் தம் பதிலைச் சொல்லிவிட்டார். நம் பதிலை நாம் சொல்லவேண்டும்.