சதுப்பு நிலத்தில் ஒரு சாமியார்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்கு மூலையில், மூன்று புறமும் கடல் சூழ நீண்டு கிடக்கும் மாநிலம் புளோரிடா. அதன் நடுப்பகுதியில் ஏரிகள் ஏராளம். விண்டர் ஹேவன் என்னும் சிற்றூரைச் சுற்றியுள்ள ஏரிகள் பலவற்றை வாய்க்கால் வெட்டி ஒன்றோடொன்று இணைத்திருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றாகிய எலோய்ஸ் ஏரியின் கரை ஒரு காலத்தில் சைப்ரஸ் மரங்களும் சேறும் கொசுவும் நிறைந்த வெறும் சதுப்பாகக் கிடந்தது. அந்தச் சதுப்பை உலகம் அறிந்த இடமாக்கிய டிக் போப் என்பவரின் வரலாற்றையும், அவருக்குச் சரிநிகராக உழைத்த அவர் துணைவியார் ஜூலி அம்மையாரின் வரலாற்றையும் இங்கே காண்போம். இருவரையும் பிரித்துச் சொல்ல நம்மால் இயலாது. இவ்வரலாற்றின் சிறந்த பகுதி அம்மையாருடையது என்றே நாம் எண்ணுகிறோம்.

டிக் போப் 1900-ஆம் ஆண்டு அயோவா மாநிலத்தில் பிறந்தார். சிறுவனாயிருந்தபோதே குடும்பம் புளோரிடாவுக்குக் குடிபெயர்ந்தது. தந்தையார் நிலம் வாங்கி விற்கும் தொழில் செய்தவர். மகனுக்கோ நிலத்தைவிட நீரின்மேல்தான் நாட்டம். அவரும் அவர் சகோதரர் மால்கமும் விசைப்படகு ஓட்டுவதில் பெயர் பெற்றார்கள். 1920-களில், நீரில் மிதக்கும் சாய்வுப் பலகையின்மேல் படகை ஏற்றி அந்தரத்தில் பாயச் செய்து, அதைச் செய்திப் படக்காரர்கள் படம் பிடிக்க வைத்தார்கள். ஒரு காரியத்தைச் செய்வதோடு நில்லாமல், அதை ஊரார் பார்க்கும்படி செய்ய வேண்டும் என்ற எண்ணம் டிக்கிற்கு இளமையிலேயே இருந்தது. பின்னர், படகின் பின்புறம் மாட்டும் மோட்டார்களுக்கு விளம்பரம் செய்யும் வேலையில் அமர்ந்தார்.

1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவைப் பெரும் பொருளாதார மந்தம் வாட்டியது. வங்கிகள் மூடின, ஆலைகள் நின்றன, லட்சக்கணக்கானோர் வேலையிழந்தனர். அந்நாளில் டிக் போப் ஒரு மாத இதழில் சிறு செய்தியொன்றைப் படித்தார். சார்ல்ஸ்டன் நகர்ப்பக்கம் செல்வர் ஒருவர் தம் தோட்டத்தைக் கட்டணம் வைத்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, நல்ல வருமானம் பெறுகிறார் என்பதே அது. படித்தவர் பலர் மறந்திருப்பர். டிக் போப் மறக்கவில்லை. எலோய்ஸ் ஏரிக்கரைச் சதுப்பைத் தோட்டமாக்கலாம் என்று முடிவு செய்தார்.

வாய்க்கால்களைப் பராமரித்து வந்த உள்ளூர்க் குழுவிடம் சிறிது பணமும், அரசின் நிவாரணத் திட்டத்தின்கீழ் நாளொன்றுக்கு ஒரு டாலர் கூலிக்கு ஆட்களும் பெற்று வேலை தொடங்கியது. சேற்றில் இடுப்பளவு நின்று ஆட்கள் வாய்க்கால் வெட்டினார்கள். பொதுப் பணத்தைச் சதுப்பில் கொட்டுவதா என்று ஊரில் எதிர்ப்புக் கிளம்பியது. முடிவில் முழுப் பொறுப்பும் போப் தம்பதியரின் தலையில் வந்து விழுந்தது. பத்திரிகைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சதுப்பு நிலத்துச் சாமியார் என்றும் சேற்று மகாராஜா என்றும் அவருக்குப் பட்டம் சூட்டினார்கள். நம் நாட்டுச் சொற்களாகிய சுவாமியும் மகாராஜாவும் அங்கே கேலிக்குப் பயன்பட்டதைப் பாருங்கள்! டிக் போப் கோபப்படவில்லை. பெயர் எப்படி அச்சானாலும் அது விளம்பரமே என்று எடுத்துக்கொண்டார். 1936 சனவரி 2-ஆம் நாள் சைப்ரஸ் கார்டன்ஸ் என்னும் பெயரில் தோட்டம் திறக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் கால் டாலர்.

1940-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் என்றும் இல்லாத கடுங்குளிர் புளோரிடாவைத் தாக்கிற்று. செடிகள் கருகின. தோட்டத்தின் உட்பகுதியில் பல செடிகள் தப்பிப் பிழைத்தன. ஆனால் வாயிலில் படர்ந்து செந்நிறப் பூக்களைச் சொரிந்துகொண்டிருந்த கொடி அடியோடு பட்டுப்போயிற்று. காரில் வந்தவர்கள் வாயிலைப் பார்த்தார்கள். உள்ளேயும் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணி, இறங்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். இதைக் கவனித்தவர் ஜூலி அம்மையார். புதிய கொடி வளர்ந்து பூக்கும் வரை காத்திருக்கக் கையில் பணம் இல்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? அங்கு வேலை செய்த பெண்களுக்கு, தென் மாநிலங்களில் முற்காலத்துச் சீமாட்டிகள் அணிந்த, குடைபோல் விரிந்து தரையைத் தொடும் பாவாடைகளை அணிவித்து, பட்ட கொடிக்கு முன்னே நின்று வருவோரைக் கையசைத்து வரவேற்கச் செய்தார். யார் கண்ணிலும் கொடி படவில்லை. வண்டிகள் திரும்பிப் போவதும் நின்றது. கொடி மீண்டும் தழைத்த பின்னும், அந்த உடைக்காரப் பெண்கள் அத்தோட்டத்தின் அடையாளமாகவே நிலைத்துவிட்டார்கள்.

அடுத்து வந்தது உலகப்போர். டிக் போப் இராணுவப் பணிக்குச் சென்றார். பெட்ரோலுக்குப் பங்கீடு வந்ததால் சுற்றுலாப் பயணிகளின் வரவு குறைந்தது. தோட்டத்தையும், ஆட்களின் கூலியையும், மகன் டிக், மகள் ஏட்ரியன் ஆகியோரின் வளர்ப்பையும் ஜூலி அம்மையார் தனியே தாங்கினார். அந்நாளில் நீர்ச்சறுக்குச் செய்வோரின் படமொன்று செய்தித்தாளில் வெளியாகியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, அருகிலுள்ள முகாமிலிருந்து போர்வீரர் சிலர் வந்து, நீர்ச்சறுக்குக் காட்சி எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். காட்சி என்று ஒன்று அங்கே கிடையாது! ஆயினும் அம்மையார் இல்லை என்று சொல்லவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு என்று கூறிவிட்டார். உடனே பிள்ளைகளையும் அவர்கள் தோழர் தோழியரையும் கூட்டினார். படகை எடுக்கச் செய்தார். மூன்று மணிக்குக் காட்சி நடந்தது! அடுத்த வார இறுதியில் போர்வீரர்கள் நூற்றுக்கணக்கில் வந்து கரையில் அமர்ந்தார்கள். அன்று தொடங்கிய காட்சி, பிற்காலத்தில் ஒரே நாளில் பலமுறை நடக்கும் வழக்கமாயிற்று.

இல்லாத காட்சிக்கு நேரம் சொன்னது சரியா என்று நம் மாணவியர் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். சொன்ன நேரத்துக்குள் சொன்னதை உண்மையாக்கிக் காட்டினார் என்பதே எமக்குத் தெரிந்த விடை. அதனால் மனநிறைவு அடையாதவர்கள் தங்கள் ஞானோபதேச ஆசிரியையிடம் கேட்டுக்கொள்ளலாம்!

நீர்ச்சறுக்கு என்றால் என்ன என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கால்களில் நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு, விரையும் படகில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி நீரின்மேல் நின்று செல்வதே நீர்ச்சறுக்கு. இதைக் கண்டுபிடித்தவர் டிக் போப் அல்லர். மினசோட்டா மாநிலத்தில் பெப்பின் ஏரியில் 1922-இல் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயது இளைஞர், தம் அண்ணன் படகோட்ட, முதன்முதலில் இதைச் செய்து காட்டினார். மரப் பலகையின் நுனியை வெந்நீரில் இளக்கி வளைத்துக்கொண்டார். அவர் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. பல ஆண்டுகள் உலகம் அவரை மறந்தும் போயிற்று. பின்னர் 1966-இல்தான் அமெரிக்க நீர்ச்சறுக்குக் கழகம் அவரையே முதல்வர் என்று ஏற்றது.

எந்தப் படகையும் இதற்குப் பயன்படுத்தலாம் என்று எண்ண வேண்டாம். மோட்டாரைப் பின்புறம் மாட்டிய படகில் பளு முழுவதும் வால் பக்கம் சேரும். வால் அமிழ்ந்து பெரிய அலை எழும்பும். அந்த அலை பின்னால் வருபவரைத் தூக்கி எறியும். மேலும், கயிற்றைப் படகின் கடைக்கோடியில் கட்டினால், சறுக்குபவர் பக்கவாட்டில் இழுக்கும்போது படகின் வாலும் கூடவே இழுபட்டு, படகு நேர்வழி தவறும். ஆகவே நல்ல நீர்ச்சறுக்குப் படகில் இயந்திரத்தை நடுவில் வைப்பார்கள். கயிறு கட்டும் கம்பத்தையும் ஏறத்தாழ நடுவிலேயே நாட்டுவார்கள். அடிப்பாகத்தைத் தட்டையாக அமைத்து அலையைத் தாழ்த்துவார்கள். படகில் ஓட்டுநர் ஒருவர் மட்டும் இருந்தால் போதாது. அவர் முன்னே பார்க்க வேண்டும். பின்னால் வருபவரைக் கவனிக்க மற்றொருவர் வேண்டும். இரைச்சலில் பேச்சுக் கேளாதாகையால் கைச்சாடையே மொழி. கட்டைவிரலை மேலே காட்டினால் வேகம் கூட்டு, கீழே காட்டினால் குறை. நீரில் விழுந்தவர் கையை உயர்த்தினால் நலமாக இருக்கிறேன் என்று பொருள்.

ஏரியையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கரை சுவர்போல் செங்குத்தாக இருந்தால் அலை மோதித் திரும்பி வந்து நீரைக் குழப்பும். சரிந்த கரையும் நாணலும் அலையை விழுங்கிவிடும். போட்டிக்கு 259 மீட்டர் நீளப் பாதை அமைத்து ஆறு மிதவைகள் இடுவார்கள். சறுக்குபவர் ஒவ்வொன்றையும் சுற்றி வளைந்து வர வேண்டும். மேல்நிலைப் போட்டியில் பெண்களுக்கு மணிக்கு 55 கிலோமீட்டர், ஆண்களுக்கு 58 கிலோமீட்டர் என்பது படகின் உச்ச வேகம்.

போருக்குப் பின் சைப்ரஸ் கார்டன்ஸுக்குப் படகுகள் வந்தது ஆர்லாண்டோ நகருக்கு அருகில் இருந்த கரெக்ட் கிராஃப்ட் என்னும் தொழிலகத்திலிருந்து. அதை நடத்திய மெலூன் குடும்பத்தாரைப் பற்றி இரண்டு சொற்கள் சொல்லாமல் எம்மால் நகர முடியவில்லை. 1945-இல் ரைன் நதியைக் கடக்க நேச நாட்டுப் படைகளுக்கு அவசரமாகப் படகுகள் தேவைப்பட்டன. அவ்வளவு நெருக்கடியிலும் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வதில்லை என்ற தங்கள் வழக்கத்தை அக்குடும்பத்தார் விடவில்லை. ஆயினும் சில வாரங்களுக்குள் 400 படகுகளைக் கட்டி முடித்தார்கள்! பின்னாளில் இராணுவத்துக்குப் படகு கட்டும் ஒப்பந்தம் ஒன்று கிடைத்தது. கையூட்டுக் கொடுக்க மறுத்ததால் படகுகள் பல தள்ளப்பட்டன என்று அக்குடும்பத்தார் கூறுவர். 1958-இல் தொழில் நொடித்தது. சட்டப்படி கடன் தீர்க்க வேண்டிய கட்டாயம் இல்லாதபோதும், பழைய கடன்காரர்களைத் தேடித் தேடிப் பணத்தைத் திருப்பினார்கள். அது முடிய 1984 ஆயிற்று. படகு வாங்குவோர் இயந்திரத்தின் திறனைத்தான் கேட்பார்கள். அதைக் கட்டியவர் இன்னார் என்று தெரிந்து வாங்கும் பேறு சிலருக்கே வாய்க்கிறது.

டிக் போப் போரிலிருந்து திரும்பி வந்தபோது மனைவி தொடங்கி வைத்த காட்சி அவருக்காகக் காத்திருந்தது. அவர் கைக்குக் காமிரா வந்தால் விடுவாரா? படங்களை நாடெங்கும் உள்ள செய்தித்தாள்களுக்கு இலவசமாக அனுப்பிக்கொண்டே இருந்தார். குளிரில் நடுங்கும் வடமாநிலத்து மக்கள் காலைத் தாளைப் பிரித்தால் வெயிலும் ஏரியும் சிரித்த முகங்களும் தெரியும். அப்படங்களில் பெரும்பாலானவை நீச்சலுடை அணிந்த இளம் பெண்களின் படங்கள். இவ்வகை விளம்பரம் எமக்கு உவப்பானதன்று என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆயினும் அப்பெண்கள் வெறும் பதுமைகளாக நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர்களுள் ஒருவராகிய வில்லா வொர்திங்டன், ஓரிகன் மாநிலத்திலிருந்து வந்தவர். நீரின்மேல் பாலே நடனத்தை அமைத்தார். 1949, 1950, 1955 ஆகிய ஆண்டுகளில் பெண்களுக்கான ஒட்டுமொத்த உலகப் பட்டத்தை வென்றார். இவற்றுள் 1950-ஆம் ஆண்டுப் போட்டி நடந்த இடம் சைப்ரஸ் கார்டன்ஸே. அவ்வாண்டு ஆண்கள் பட்டத்தை வென்றவர் போப் தம்பதியரின் மகன் டிக். அவர் 1947-இல் பலகையே இல்லாமல் வெறுங்காலால் நீரில் சறுக்கிக் காட்டியவர். அதை அவருக்குச் சற்று முன்னே ஏ. ஜி. ஹான்காக் என்ற இளைஞர் செய்துவிட்டார் என்பர்.

திரைப்படக்காரர்களும் வந்தார்கள். எஸ்தர் வில்லியம்ஸ் நடித்து 1953-இல் வெளிவந்த படத்துக்காகப் புளோரிடா மாநிலத்தின் வடிவிலேயே ஒரு நீச்சல் குளம் கட்டப்பட்டது. 1952-இல் சினராமா என்னும் அகன்ற திரையின் முதற்படத்திலும் இந்த ஏரி இடம்பெற்றது. சினராமாவைக் கண்டுபிடித்த ஃபிரெட் வாலர்தான் 1925-இல் நீர்ச்சறுக்குப் பலகைக்குக் காப்புரிமை பெற்றவர் என்பது வியப்பான செய்தி.

1971-இல் ஆர்லாண்டோ அருகே வால்ட் டிஸ்னியின் மாபெரும் கேளிக்கை நகரம் திறக்கப்பட்டது. தம் தொழிலுக்குப் பெரும் போட்டி என்று தெரிந்தும் டிக் போப் அதை வரவேற்றார். காலப்போக்கில் கூட்டம் அங்கே போயிற்று. 1985-இல் குடும்பத்தார் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். 1988-இல் டிக் போப் மறைந்தார். அவரைப் புளோரிடாச் சுற்றுலாவின் தந்தை என்று இன்றும் அழைக்கிறார்கள். அத்தந்தைக்கு நிகரான தாய் ஒருவர் இருந்தார் என்பதைச் சொல்வோர் குறைவு.

தோட்டம் பின்னர்க் கைமாறிக் கைமாறி, 2003-இல் மூடி, மறு ஆண்டு திறந்து, 2009-இல் மீண்டும் மூடியது. 2011 அக்டோபரில் அதே இடத்தில் குழந்தைகளுக்கான லெகோலேண்ட் திறக்கப்பட்டது. புதியவர்கள் பழைய தோட்டத்தின் ஒரு பகுதியையும், புளோரிடா வடிவக் குளத்தையும் அழிக்காமல் விட்டார்கள். அங்கே ஓர் ஆலமரமும் நிற்கிறது. 1939-இல் சிறு வாளியில் வந்த நம் இந்திய நாட்டு ஆலங்கன்று அது. போப் தம்பதியரின் காலத்தில் நட்ட அக்கன்று, விழுதுகள் பல இறக்கி, இப்போது ஒரு தோப்பைப் போலப் பரந்து நிழல் தருகிறது.